எழுத்துப் பாடம்: யாருடைய மொழி, யாருடைய கதை?

எழுதக் கற்றுத் தருவது ஒருபோதும் எழுத்து மட்டும் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்ததில்லை. யார் எழுதலாம், எதை எழுதலாம், எந்த மொழியில் எழுதினால் அது 'எழுத்து' என்று ஒப்புக்கொள்ளப்படும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற இடம் வகுப்பறை. அது செங்கல் கட்டடத்துக்குள் இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்தாலும் சரி, செய்கிற வேலை ஒன்றுதான். ஆகவே 'நல்ல எழுத்து வகுப்பு எது' என்று யாராவது கேட்டால், 'யாருக்கு நல்லது' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற தோழர் ஒருவர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கிறார். வயது பன்னிரண்டு. அவர்கள் கணக்கில் 'மிடில் ஸ்கூல்', அதாவது 6, 7, 8ஆம் வகுப்பு. கணக்கும் அறிவியலும் அவரே சொல்லித் தந்துவிடுகிறார். கட்டுரை எழுதுவது, இலக்கியம் வாசிப்பது என்று வரும்போது கை நடுங்குகிறது. இணையவழி வகுப்புகளின் பட்டியல் ஒன்றை அனுப்பி, 'நீங்க கவிதை எழுதுறவரு, எதுல சேக்கலாம்னு பாத்துச் சொல்லுங்க தோழர்' என்றார். பட்டியலைப் பார்த்தபோது இது அவர் ஒருவரின் பிரச்சினை இல்லை என்று பட்டது. அங்கே நம்மவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் கறுப்பினப் பெற்றோர்கள் இதே பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சை அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

வீட்டுக்கல்வி என்றதும் அமெரிக்காவில் பலர் மனதில் வருவது பைபிளும் கையுமான வெள்ளைக் குடும்பம்தான். இதற்குக் காரணமும் உண்டு. 1980களில் வீட்டுக்கல்விக்குச் சட்ட உரிமை கேட்டு அதிகம் போராடியவர்கள் கிறித்தவப் பழமைவாதிகள். 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமாகிவிட்டது. இதற்கு முந்தைய கதை ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. 1954ல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்ன செய்தது தெரியுமா? கறுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவதைவிடப் பள்ளியே இல்லாமல் இருப்பது மேல் என்று 1959ல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு 1964 வரை ஐந்து வருடம் அரசுப் பள்ளி இல்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்திலும் வீட்டுத் திண்ணையிலும் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். ஆக, பள்ளிக்கு வெளியே படிப்பது சிலருக்கு விருப்பம்; சிலருக்கு வேறு வழியின்மை.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் ஆய்வுப்படி 2020 வசந்த காலத்தில் கறுப்பினக் குடும்பங்களில் 3.3 சதவீதம்தான் வீட்டுக்கல்வியில் இருந்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அது 16.1 சதவீதம். கொரோனா ஒரு காரணம். திரை வழியாக வகுப்பு வீட்டுக்குள்ளேயே வந்தபோது, தன் பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதைத் தாய்மார்கள் கண்ணால் பார்த்தது இன்னொரு காரணம் என்கிறார்கள். அப்படிப் பள்ளியை விட்டு வெளியே வந்தவர்களுக்கு முன்னால் விரிக்கப்பட்டிருக்கிற கடைதான் இந்த இணையவழி வகுப்புகள்.

கடையில் இரண்டு வகைச் சரக்கு. முதல் வகை வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்' என்கிற நிறுவனத்தின் பாடமுறை இதற்குப் பேர்போனது. ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். வாக்கியத்துக்கு இரண்டு மூன்று முக்கியச் சொற்களை மட்டும் பொறுக்கிக் குறித்துக்கொண்டு, மூலத்தைப் பார்க்காமல் சொந்த வாக்கியத்தில் திரும்ப எழுத வேண்டும். வலுவான வினைச்சொல் ஒன்று, வினையடை ஒன்று என்று சேர்க்க வேண்டியவற்றுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் உண்டு. இரண்டாம் வகை இதற்கு நேர் எதிர். 'பிரேவ் ரைட்டர்' போன்றவை பிள்ளையின் சொந்தக் குரலில் இருந்து தொடங்கச் சொல்கின்றன. தப்பைப் பற்றிக் கவலைப்படாமல் சில நிமிடம் கைபோன போக்கில் எழுது, திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

நம்மைப் போன்றவர்கள் யோசிக்காமல் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிடுவோம். பாவ்லோ ஃபிரெய்ரேவை வாசித்தவர்கள் இல்லையா! மாணவன் மண்டையைக் காலிக் கணக்காக நினைத்து ஆசிரியர் அறிவை டெபாசிட் செய்துகொண்டே போகிற கல்விக்கு அவர் 'வங்கிமுறைக் கல்வி' என்று பெயர் வைத்தார். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு அந்த உவமை நன்றாகவே புரியும். சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக்கொண்டு வினையடை போடச் சொல்வதைப் பார்த்தால், இது எழுத்தா சலான் பூர்த்தி செய்வதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கேதான் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சலானையே எடுத்துக்கொள்வோம். தன் நிலத்தைப் பற்றி, மழையைப் பற்றி, ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் அசராமல் பேசக்கூடிய பெரியவர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் ஸ்லிப்பை நீட்டி 'ரெண்டு எழுத்து எழுதிக் குடு சாமி' என்று குரலைத் தாழ்த்திவிடுகிறார். அந்தத் தாளில் பெரிய அறிவு எதுவும் கிடையாது. ஆனால் தெரியாதவனை நிற்கவைக்கிற சக்தி அதற்கு இருக்கிறது. 'ஐயா, நீங்க உங்க சொந்தக் குரல்ல எழுதுங்க' என்று அவரிடம் சொன்னால் அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1988ல் எழுதிய கட்டுரையிலும் 1995ல் வந்த 'அடுத்தவர் பிள்ளைகள்' என்கிற புத்தகத்திலும் இதைத்தான் வாதிட்டார். அதிகாரத்துக்கு ஒரு பண்பாடு இருக்கிறது. அதற்கென்று விதிகள் இருக்கின்றன. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த விதிகள் கண்ணுக்கே தெரியாது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அது கிடைத்துவிடுகிறது. வெளியே நிற்பவர்களுக்கு அவற்றை வெளிப்படையாகச் சொல்லித் தர வேண்டும். நல்ல மனசுள்ள வெள்ளை ஆசிரியர்கள் 'சுதந்திரமாக எழுது' என்று கறுப்புப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, விதிகளைச் சொல்லித் தராமலே கடைசியில் அதே விதிகளை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். இது டெல்பிட்டின் குற்றச்சாட்டு. கூடவே அவர் இன்னொன்றும் சொல்கிறார்: இது அதிகாரத்தின் விதி, உலகத்தின் நியதி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனவே வகுப்பைத் தேர்கிறபோது 'வடிவமா, சுதந்திரமா' என்று கட்சி கட்டுவது வீண். முக்கியச் சொற்களைக் குறித்து எழுதப் பழகுவதில் தப்பில்லை. வாதத்தை எப்படித் தொடங்குவது, சான்றை எங்கே வைப்பது, எதிராளி சொல்லக்கூடியதை எப்படி முன்கூட்டியே மடக்குவது என்பதெல்லாம் கற்கக்கூடிய தொழில்நுட்பங்கள். அவற்றைப் பிச்சுப் பிச்சுச் சொல்லித் தருகிற வகுப்பு வேண்டும். ஆனால் அந்த வகுப்பு பிள்ளையின் வீட்டு மொழியை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கறுப்பர்களின் ஆங்கிலத்தைக் கொச்சை என்று ஒதுக்கிய வரலாறு நீளமானது. அமெரிக்காவில் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு 1974லேயே மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிவழக்கில் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. 1979ல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் வழக்கில், பிள்ளைகளின் வீட்டு மொழியைப் பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1996 டிசம்பரில் ஓக்லாந்து பள்ளி வாரியம் கறுப்பர் பேச்சைத் தனி மொழியாக அங்கீகரித்தபோது நாடே கைகொட்டிச் சிரித்தது. இந்தச் சிரிப்பு நமக்குப் புதுசில்லை. 1992ல் பாமாவின் 'கருக்கு' சேரி மொழியில் வந்தபோது இதெல்லாம் இலக்கியமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். பாட்டி பேசுகிற பேச்சைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகிற ஆசிரியர், பிள்ளைக்கு இலக்கணம் கற்றுத் தரவில்லை. பாட்டியைப் பற்றி வெட்கப்படக் கற்றுத் தருகிறார்.

அடுத்தது புத்தகப் பட்டியல். 'செவ்வியல்', 'காலத்தை வென்றவை' என்கிற பம்மாத்தோடு வருகிற பட்டியல்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' வீட்டுக்கல்விப் பட்டியல்களில் நிலையான இடம் பிடித்த புத்தகம். 1935ல் வந்தது. அந்தப் பரந்த நிலத்தில் மனிதர்களே கிடையாது, செவ்விந்தியர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்கிற பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. செவ்விந்தியன் மனிதக் கணக்கில் வரமாட்டான் என்று அர்த்தம். எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் ஏறத்தாழ பதினேழு வருடம் இது உறைக்கவே இல்லை. 1952ல் ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, 1953ல் 'மனிதர்கள்' என்பதைக் 'குடியேறியவர்கள்' என்று மாற்றினார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் ரசித்து வாசித்த புத்தகம் இது. ரசனை என்பது எவ்வளவு விஷயங்களை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது பாருங்கள்.

பாடத்திட்டத்தைத் தொகுத்தது யார் என்பதையும் துருவ வேண்டும். வெரிடாஸ் பிரஸ் என்கிற கிறித்தவக் கல்வி நிறுவனம் வெளியிட்ட 'ஆம்னிபஸ்' வரிசை ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஹோமர், பைபிள், பழைய ரோம் என்று கனமான வாசிப்பு. அதன் முதல் தொகுதிகளைத் தொகுத்தவர்களில் ஒருவர் டக்ளஸ் வில்சன். இதே மனிதர் 1996ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய சிறுநூல், தென்மாநில அடிமை முறையில் எஜமானனும் அடிமையும் பரஸ்பரம் பாசத்தோடு இருந்தார்கள் என்று வாதாடியது. அடிமை வைத்திருந்தவனுக்கு வக்காலத்து வாங்குகிற ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற ஹோமரை ஒரு கறுப்புச் சிறுமி எப்படி வாசிக்க? ஹோமர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கைகளிலிருந்து வேண்டாம்.

தாராளவாதிகளின் பட்டியல் மட்டும் சுத்தமா? பிப்ரவரி மாதம் கறுப்பர் வரலாற்று மாதம். அந்த மாதத்துக்கு ஒரு கறுப்புப் புத்தகம், மிச்சப் பதினோரு மாதமும் வழக்கம்போல. அந்த ஒன்றும் பெரும்பாலும் கருணையின் புத்தகமாக இருக்கும். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960ல் வந்தது. 1930களின் அலபாமாவில் பொய்வழக்கில் மாட்டிய கறுப்பனுக்காக வாதாடும் வெள்ளை வக்கீல்தான் அதில் கதாநாயகன். குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் வீட்டில் என்ன சமைத்தார்கள், அவன் பிள்ளைகள் அன்றைக்கு ராத்திரி தூங்கினார்களா என்பது நமக்குத் தெரியவருவதில்லை. அதே 1930களின் தெற்கை மில்ட்ரெட் டெய்லர் 1976ல் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலில் எழுதினார். 1933ன் மிசிசிப்பி. சொந்த நிலம் வைத்திருக்கிற ஒரு கறுப்புக் குடும்பத்துக்குள்ளிருந்து கதை போகிறது. பள்ளியில் சின்னப் பையனுக்குக் கிழிந்த பாடப் புத்தகம் ஒன்று தரப்படுகிறது. வெள்ளைப் பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றிக் குப்பையான பிறகு கறுப்புப் பள்ளிக்கு வந்தது அது. உள்அட்டையில் இருக்கிற பதிவைப் பார்த்ததுமே பையனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்த இரண்டு நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கதையை யார் சொல்றாங்க, யாரால பேச முடியல' என்று கேட்கிற ஆசிரியர் கிடைத்தால், அந்த வகுப்புக்குக் கடன் வாங்கியாவது பணம் கட்டலாம். ஒன்றை ஒழித்துவிட்டு இன்னொன்றை வைப்பதைவிட இது மேலான பாடம்.

தலித் பெற்றோர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. கலிஃபோர்னியாவின் ஆறாம் வகுப்புப் பாடநூல்களில் சாதி பற்றிய பகுதிகளை மழுப்பச் சொல்லி 2005-06லும், மறுபடி 2016லும் இந்து அமைப்புகள் மல்லுக்கட்டின. 'இந்தியக் கதைகள்' என்று ஒரு பாடம் பட்டியலில் இருந்தால், யார் தொகுத்தது என்பதை நம் தோழர் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு இப்போது வருகிறேன். பிள்ளை எழுதியதை யார் வாசிக்கிறார்கள்?

நேரடி வகுப்பா, பதிவு செய்த வீடியோவா, வாரம் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் பெற்றோர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். எழுத்து பேச்சைப் போன்றதுதான். எதிரே கேட்க ஒரு ஆள் வேண்டும். நாற்பது கட்டுரைக்கு ஒரே மாதிரி 'நன்று' போட்டு அனுப்புகிறவர் கேட்கவில்லை. இப்போது அந்த ஆளையும் தூக்கிவிட்டு இயந்திரத்தை உட்காரவைக்கிறார்கள். கம்ப்யூட்டரே மதிப்பெண் போடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சித் துறையை நடத்திய லெஸ் பெரல்மன் 2014ல் ஒரு வேடிக்கை செய்தார். தலைகால் புரியாத பெரிய பெரிய வார்த்தைகளைக் கோத்து உளறல் கட்டுரை தயாரிக்கிற மென்பொருளை உருவாக்கி, அதை மதிப்பெண் இயந்திரத்துக்குப் போட்டார். உளறலுக்கு உயர்ந்த மதிப்பெண்!

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: இதைப் பிள்ளை எழுதியதா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கிற இயந்திரம். 2023ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை மனிதர் எழுதியது என்று அவை ஏறக்குறைய சரியாகச் சொல்லின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று பழி போட்டன. வெளியிலிருந்து வந்தவன் எழுதினால் அவன் எழுதியிருக்க மாட்டான் என்பது பழைய சந்தேகம். ஆப்பிரிக்காவிலிருந்து ஏழெட்டு வயதில் பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு 1773ல் வெளியானது. இதை ஒரு அடிமைப் பெண் எழுதியிருக்க முடியுமா என்கிற சந்தேகத்தைத் தீர்க்க, கவர்னர் உட்படப் பாஸ்டனின் பதினெட்டுப் பெரிய மனிதர்கள் ஒப்பமிட்ட சான்றிதழோடு அது வந்தது. அன்றைக்குப் பதினெட்டு வெள்ளையர்கள், இன்றைக்கு ஏழு மென்பொருள்கள். இப்படிச் சந்தேக இயந்திரம் வைத்திருக்கிற வகுப்பு எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன்னால் வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் திருத்திக் கொடுத்த பழைய கட்டுரை ஒன்றை, பெயரை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா? அதில் காற்புள்ளி பற்றி மட்டும் எழுதியிருக்கிறாரா, பிள்ளை சொன்ன விஷயத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறாரா என்று பாருங்கள். பத்துக் கட்டுரையை ஒருமுறை எழுதுவதைவிட, இரண்டு கட்டுரையை மும்மூன்று முறை திருத்தி எழுதவைக்கிறாரா? மார்க் ட்வெய்னின் ஹக் ஃபின் வாசிக்கும்போது கறுப்பரைக் குறிக்கும் அந்த இழிசொல் வருகிற இடத்தை எப்படிக் கையாளுவார்? வகுப்பில் ஒரே ஒரு கறுப்புப் பிள்ளை இருந்தால், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருப்பார்களா? இவற்றுக்குத் தடுமாறினாலும் யோசித்துப் பதில் சொல்கிற ஆசிரியரை நம்பலாம். 'நாங்க அதையெல்லாம் அரசியலாக்கறதில்ல' என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். அதைவிடக் கெட்டியான அரசியல் கிடையாது.

'இதெல்லாம் காசுள்ளவன் கவலை, அடுத்தவன் வீட்டைத் துடைக்கப் போகிறவள் எப்படி வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் நடத்துவாள்' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. பொதுப்பள்ளிக்கான சண்டையை வீட்டுக்கல்வி ரத்து செய்துவிடாது, செய்யவும் கூடாது. டூ போய்ஸ் 1935ல் இந்தக் குழப்பத்துக்குத் தெளிவாக ஒரு பதில் வைத்தார். கறுப்பனுக்குத் தேவை தனிப்பள்ளியுமில்லை, கலப்புப் பள்ளியுமில்லை, கல்விதான் என்றார். பிள்ளையை அவமதிக்கிற இடத்திலிருந்து வெளியே எடுப்பதும் ஒரு போராட்டம். ஆனால் வெளியே எடுத்துப் போய்த் தனியறையில் திரைக்கு முன் உட்காரவைப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. பொது நூலகம் இருக்கிறது, புத்தகத்துக்குக் காசில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வாசிப்பு வட்டம் ஆகிவிடும். வேலைக்குப் போகிறவளின் பிள்ளைக்கும் அதில் இடம் கொடுக்க முடியும்.

பள்ளிக்கு வெளியே பன்னிரண்டு வயதில் எழுத்தும் இலக்கியமும் கற்றவர்களில் மூத்தவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமைக்கு எழுத்துச் சொல்லித் தரக் கூடாது என்று எஜமானன் தடுத்த பிறகு, பால்டிமோர் தெருவில் பசித்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து வாசிப்பை வாங்கினார். கப்பல் பட்டறையில் மரத்துண்டுகள் மேல் தச்சர்கள் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதினார். எஜமானன் மகன் எழுதி முடித்த காப்பி நோட்டின் இடைவெளிகளில் பார்த்து எழுதிப் பழகினார். வெறும் நகலெடுப்புத்தான், வடிவம்தான். ஆனால் ஐம்பது சென்ட் கொடுத்து அவர் வாங்கிய 'கொலம்பியன் ஆரேட்டர்' என்கிற உரைத்தொகுப்பில், ஒரு அடிமை எஜமானனோடு வாதாடி ஜெயிக்கிற உரையாடல் இருந்தது. விதியையும் கற்றார், விதியை உடைக்கிற வாதத்தையும் சேர்த்துக் கற்றார். பிறகு, தான் கற்றதை நாற்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்.

பட்டியலில் இருக்கிற எந்த வகுப்பையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். எஜமானனின் எழுத்து முழுசாகக் கையில் வருகிறதா? அந்த எழுத்தை வைத்து எஜமானனுக்குப் பதில் சொல்ல இடம் இருக்கிறதா? கற்ற பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித் தருமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் சேருங்கள் தோழர்.